மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் கம்ப்யூட்டர் பொருத்துவது எப்படி? பேட்டரி தாங்குமா?

உங்களுடையது முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 (1989–1997), ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் போர்டு கம்ப்யூட்டர் (இனி சுருக்கமாக 'பை'), 7 அங்குலத் திரை. மேப், பாட்டு, ஆயில் பிரஷர் மூன்றும் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் திரையைத் தேடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: சாவியை உருவிய பிறகு இந்தக் கம்ப்யூட்டர் எப்படி அணையப்போகிறது? கார் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஒன்று, எஸ்டி கார்டு பாழாகிறது. இல்லையென்றால் பேட்டரி படுத்துவிடுகிறது.

இந்த மாடலில் பேட்டரி டிக்கியின் வலது பக்கம் இருக்கிறது. சுமார் 30 ஆம்பியர்-அவர் மட்டுமே கொண்ட சிறிய பேட்டரி. இத்தகைய கார்கள் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்பவை. பையும் திரையும் அணைந்தது போல் இருந்து 100 மில்லி ஆம்பியர் உறிஞ்சிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர் போகும். ஆறே நாளில் பாதி பேட்டரி காலி. ஆகவே கார் நிற்கும்போது உங்கள் இணைப்பு மொத்தமும் 5 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மென்பொருளில் ஷட்டவுன் செய்தால் மட்டும் அது வராது. 12 வோல்ட் பக்கத்திலேயே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து வெட்ட வேண்டும்.

ரேடியோவுக்கு வரும் ஆக்சஸரி லைனில் (சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒயர்) நேராக மாட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த லைன் செத்துவிடும். சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பியதும் பை பூட் ஆகத் தொடங்கும், ஸ்டார்ட் செய்ததும் செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அணைக்கும்போது இன்னும் மோசம்: எழுதிக்கொண்டிருக்கும் கார்டிலிருந்து கரண்ட் பிடுங்கப்படும். அதனால் மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே எடுங்கள். ஆக்சஸரி லைன் சிக்னலுக்கு மட்டும் போதும்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ். அதை அடுத்து ஆஃப்-டிலே டைமர் ரிலே: ஆக்சஸரி போன பிறகும் 90 விநாடி கரண்ட் கொடுத்துவிட்டு வெட்டும் வகை. அங்கிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 12 வோல்ட்டை முன்பக்கம் கொண்டுபோய், பைக்குப் பக்கத்திலேயே 5.1 வோல்ட் கன்வர்ட்டரை வையுங்கள். கன்வர்ட்டரை டிக்கியில் வைத்து 5 வோல்ட்டை முன்னால் இழுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் மீட்டருக்கு 0.035 ஓம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக 0.21 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் 0.63 வோல்ட் வழியிலேயே போய்விடும். பைக்குக் கிடைப்பது 4.47 தான். 4.63-க்குக் கீழே போனதும் பை குறைமின்னழுத்த எச்சரிக்கை காட்டும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலர் இதைப் பார்த்துவிட்டு பையையே மாற்றுகிறார்கள். கோளாறு ஒயரில் இருக்கிறது.

கன்வர்ட்டரில் காசைப் பார்க்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 கன்வர்ட்டர் போர்டில் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், ஹீட்சிங்க் இல்லாமல் 2 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் கொதித்துவிடும். அதன் உள்ளீட்டு உச்சம் 40 வோல்ட். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் தளர்ந்து விலகினால் ஒரு கணம் அதைவிட அதிகம் பாயும். மறுபக்கம், குளிரில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் 9-க்கும் கீழே இறங்கலாம். வாகனத்துக்கென்றே செய்த, சுமார் 6 வோல்ட்டிலிருந்து 30 வரை தாங்கும், உள்ளே டிவிஎஸ் டையோடு (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலை விழுங்கும் பாகம்) உள்ள கன்வர்ட்டர் வேண்டும். திரைக்கும் சேர்த்து 5 ஆம்பியர் தரக்கூடியதாகப் பாருங்கள்.

பைக்குப் பதில் மினி-ஐடிஎக்ஸ் போர்டு (சிறிய அளவு பிசி மதர்போர்டு) வைக்க நினைப்பவர்களுக்கு எம்4-ஏடிஎக்ஸ் போன்ற பவர் சப்ளையே இந்த வேலை முழுவதையும் செய்துவிடும்: 6 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், இக்னிஷனைக் கவனித்து நேரம் பார்த்து அணைக்கும். சீரான 12 வோல்ட் மட்டுமே ஏற்கும் பிகோபிஎஸ்யூ என்ற சிறிய பவர் சப்ளையை காரில் மாட்டாதீர்கள். உள்ளே வரும் 12 வோல்ட்டை அது அப்படியே போர்டுக்கு அனுப்பிவிடுகிறது.

மறுபடி பைக்கு வருவோம். ஆக்சஸரி லைனை ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்துவைக்கும் சிப்) வழியாக பையின் ஒரு ஜிபிஐஓ பின்னுக்கு (வெளிச் சிக்னல்களுக்கான இணைப்பு ஊசி) கொடுங்கள். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் பின் கருகும். சாவி அணைந்ததும் நிரல் 30 விநாடி காத்திருக்கட்டும், பெட்ரோல் போட நிறுத்தியிருப்பீர்கள். அதன் பிறகு ஷட்டவுன். 90 விநாடியில் டைமர் வெட்டிவிடும். பை தன் ரிலேயைத் தானே பிடித்துவைக்கும் சர்க்யூட்டை விட இந்த டைமர் முறையே நல்லது. பை தொங்கிப்போனாலும் பேட்டரி தப்பிக்கும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பை அணைந்து, டைமர் இன்னும் வெட்டாத இடைவெளியில் நீங்கள் சாவியைப் போட்டால், கரண்ட் தொடர்ந்து வரும், பை மட்டும் எழாது. பை 4-இல் ஜிபிஐஓ 3-ஐ ஒரு கணம் எர்த்துக்கு இழுத்தால் அணைந்த நிலையிலிருந்து எழும். ஆக்சஸரி வரும்போது அந்தப் பின்னுக்கு ஒரு சிறு துடிப்பு கிடைக்கும்படி செய்யுங்கள். அது ஐ2சி லைனும் (சிப்புகளோடு பேசும் இணைப்பு) கூட. ஆயில் பிரஷரைப் படிக்கக் கீழே சொல்லும் ஏடிஎஸ்1115 சிப்பை வேறொரு ஐ2சி பஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

பையின் அமைப்பு மெனுவான ராஸ்ப்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிட்டால் கார்டு படிக்க மட்டும் பயன்படும். எப்போது கரண்ட் போனாலும் கெடாது. பதிவு செய்ய வேண்டியவற்றைத் தனி யூஎஸ்பி டிரைவில் எழுதுங்கள். பை 4-இல் கடிகார சிப் இல்லை. நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்கலாம், அல்லது டிஎஸ்3231 கடிகார சிப் மாட்டலாம்.

எங்கே வைப்பது? இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளம் போட்ட தட்டு காலியாகத் தெரியும், கை அங்கேதான் போகும். அங்கே ஒரு ஸ்க்ரூ கூட இறக்காதீர்கள். அந்தத் தகட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஃப்யூவல் பம்ப் மூடியே தெரியும். தவிர, துணிக் கூரையில் விழும் மழைநீர் பக்கவாட்டு வடிகால்கள் வழியாக இறங்குகிறது. அவை குப்பையால் அடைத்தால் தண்ணீர் திரும்பி அந்தத் தட்டில்தான் தேங்கும். பையை கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஹீட்டர் காற்றுக் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள். டேஷ்போர்டு மேல்பரப்பில் வெயில் நேராக அடிக்கும். 80 டிகிரியைத் தொட்டதும் பை வேகத்தைக் குறைக்கும். பின்னாலிருந்து வரும் ஒயரை, கார் ஒயரிங் ஏற்கெனவே நுழையும் ரப்பர் வளையம் வழியாக எடுத்து, கதவடிப் பட்டைக்குக் கீழே கொண்டுபோங்கள். ஏர்பேக் கனெக்டர் எதிர்ப்பட்டால் தொடவே கூடாது.

கூரையைத் திறந்துவிட்டால் சாதாரண 300, 400 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) திரையில் உங்கள் முகம்தான் தெரியும். 1000 நிட், பளபளப்பில்லாத மேற்பரப்பு வாங்குங்கள். 7 அங்குலத் திரைக்கு ரேடியோ இருக்கும் இடத்தை வெட்டாமல் வழியில்லை. வெட்ட மனமில்லையென்றால் 5 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓட்டும்போது பார்க்க அது போதும். ஒலிக்கு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) போடுங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால் ஆம்ப்ளிஃபயரும் பையும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கின்றன. இரண்டையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்ஜின் அளவீடுகளைப் படிக்க ஓபிடி-2 சாக்கெட் (காரின் டயக்னாஸ்டிக் இணைப்பு) வேண்டும். அமெரிக்கச் சந்தைக் கார்களில் அது 1996 மாடலிலிருந்துதான். முந்தைய கார்களில் பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் ஓபிடி-2 படிக்கும் ஈஎல்எம்327 அடாப்டர் வேலை செய்யாது. ஆனால் ஆயில் பிரஷருக்குத் தனி சென்சார் போடுவது உண்மையிலேயே பயனுள்ள வேலை. 1995 மாடலிலிருந்து டேஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் முள் அளவைக் காட்டுவதில்லை. வெறும் ஸ்விட்ச், நடுவில் போய் நின்றுகொள்ளும். 0.5–4.5 வோல்ட் தரும் சென்சார் வாங்கி, 10 கிலோ ஓம், 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்தால் உச்சம் 2.7 வோல்ட். அதை 3.3 வோல்ட்டில் ஓடும் ஏடிஎஸ்1115-க்கு (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) கொடுங்கள். பைக்கு அனலாக் உள்ளீடு கிடையாது. மரையைக் கவனியுங்கள்: இன்ஜினில் இருப்பது 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை), கடையில் அதிகம் கிடைப்பது 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை). முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பலவந்தமாகத் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். அடாப்டர் வாங்கி, கனமான சென்சாரை சிறு ஹோஸ் வழியாக பாடியில் பொருத்துங்கள். பிளாக்கிலேயே தொங்கவிட்டால் அதிர்வில் அடாப்டர் விரிசல் விடும்.

எல்லாம் மாட்டிய பிறகு பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்து, டைமர் வெட்டும் வரை காத்திருந்து பாருங்கள். மில்லி ஆம்பியர் நிலைக்கு அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். உங்கள் 5 ஆம்பியர் ஃப்யூஸைப் பிடுங்கினால் எவ்வளவு குறைகிறதோ அதுதான் கம்ப்யூட்டரின் பங்கு; மீதி காருடையது. மீட்டர் தொடரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் உடனே போய்விடும்.