கூட்டமான பழைய தெருவை எண்ணெய் வண்ணத்தில் உயிரோட்டமாக வரைவது எப்படி?

கட்டடங்கள் நன்றாக வருகின்றன, ஆட்களை வைத்ததும் தெரு உறைந்துபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைக் கீழமாசி வீதியை மூன்று முறை வரைந்திருக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் படத்தில் எனக்கும் இதே சிக்கல்தான். முப்பது பேருக்கும் கண், மூக்கு, சட்டைப் பித்தான் வரை வைத்தேன். கொலுப்படி பொம்மைகள் மாதிரி நின்றார்கள். தெருவில் நாம் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லையே. ஒரு தோள், தலையில் ஒரு மூட்டை, வெயிலில் பளிச்சென்று ஒரு வேட்டி, அவ்வளவுதான் கண்ணில் விழும்.

அதனால் முதலில் வெளிச்சத்தைப் பிடியுங்கள். இந்த வீதி தெற்கு வடக்காக ஓடுகிறது. காலையில் கிழக்கு வரிசைக் கடைகளின் நிழல் தெருவில் படுத்திருக்கும், மேற்கு வரிசைச் சுவர்களில் வெயில் அடிக்கும். நிழலின் விளிம்பை உடனே குறித்துவிடுங்கள். அரை மணியில் அது நகர்ந்துவிடும், அதற்காகப் படத்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தாலே போதும், நிழல் செத்துப்போகாது.

அப்புறம் ஆட்கள். நின்றுகொண்டு பார்த்தால், சமதரையில் நிற்பவர்களின் தலைகள் பக்கமோ தூரமோ ஏறக்குறைய உங்கள் கண்மட்டத்திலேயே வரும். தூரம் போகப் போகப் பாதங்கள்தான் மேலே ஏறும். ஒரு காலை மட்டும் நிழலில் கரைத்துவிடுங்கள், ஆள் நடக்க ஆரம்பித்துவிடுவார். ஓவியர் பிஸ்ஸாரோ 1897இல் பாரிசில் ஓட்டல் ஜன்னலிலிருந்து வரைந்த மோன்மார்த்ர் பெருவீதிப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்ப்பதால் தலைகள் கண்மட்டத்துக்குக் கீழே சிதறிக் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு ஆளும் சில தீற்றல்கள்தான்.

முதல் பூச்சுக்கு டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் போடுங்கள். மேலே போகப் போக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடட்டும். மாற்றிச் செய்தால் நாளடைவில் மேல்பூச்சு வெடிக்கும்.

கெட்டியான வெள்ளையைக் கடைசி வரை தொடாதீர்கள். மூன்றாவது படத்தில் நிழலில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் கூடை மல்லிகையை நீலம் கலந்த சாம்பலில்தான் போட்டேன். கடைத் தார்ப்பாயின் கிழிசல் வழியாக வெயில் விழுந்த ஒரே இடத்தில், கத்தி முனையால் ஒரு பொட்டு வெள்ளை. பார்க்கிறவர்கள் அந்தக் கூடை முழுக்கவே வெள்ளை என்கிறார்கள்.