உப்புக் காற்றைப் பழிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 63. கடலூர் முதுநகரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். 6 ஆண்டுகளுக்கு முன் வலது கண்ணில் கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்க்கு) அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பத்து நாட்களாக அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடிகிறது. காலையில் தலையணை நனைந்திருக்கிறது. வலி இல்லை. உப்புக் காற்றுதான் காரணம் என்கிறாள் மருமகள். கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா?

பதில்: ஐயா, உப்புக் காற்று இரண்டு கண்ணிலும்தானே வீசும்? ஒரு கண் மட்டும் வடிவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த அறுவையில், கண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேற, மேல் இமைக்கு அடியில் ஒரு சிறு கொப்புளம்போல வழி செய்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் தோல் மெலிந்து கசியலாம். அறுவையின்போது, தழும்பு கட்டாமல் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைத் தடவியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். கசிந்தால் கண் அழுத்தம் மிகவும் இறங்கி, பார்வை மங்கும். அதைவிட மோசம், அந்த ஓட்டை வழியே கிருமி உள்ளே போவது. ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

மருந்துக் கடைச் சொட்டு வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமித் தொற்றை மறைத்துவிடும். கண்ணைக் கசக்காதீர்கள், கருவாடு தொட்ட கையோடு நிச்சயமாக வேண்டாம். நாளைக் காலையே கடையை மருமகளிடம் விட்டுவிட்டுப் புதுச்சேரியில் கண் மருத்துவரைப் பார்க்கப் பஸ் ஏறுங்கள். இதற்கிடையில் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை கட்டினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே கிளம்புங்கள். பழைய அறுவைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.