ஹோலோகாஸ்ட்ல, அதாவது ஹிட்லரோட நாஜி ஆட்சி யூதங்களைக் கொன்னு குவிச்ச இனப்படுகொலைல, தப்பிச்ச குடும்பங்க பழைய லெட்டர், போட்டோவெல்லாம் ஏன் ஆர்க்கைவுக்கு (பழைய ஆவணம் பாதுகாக்கற எடத்துக்கு) குடுக்கறாங்க? ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினலை வீட்டுலயே வச்சுக்கக் கூடாதா?

வச்சுக்கலாம், சட்டப்படி யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா குடுக்கறதுதான் சரின்னு நான் நம்பறேன். நான் இந்தத் துறைல படிச்சவ கிடையாது, ஆனா போன ரெண்டு வருஷமா எங்க கீழ் வீட்டு ஆன்ட்டி கூட உக்காந்து இதே வேலையத்தான் பண்ணிட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நாங்க இருக்கறது லண்டன்ல. ஆன்ட்டிக்கு எழுபது தாண்டிருச்சு. அவங்க அம்மா பெர்லின்ல பொறந்தவங்க, பன்னெண்டு வயசுல, 1939ல, கிண்டர்ட்ரான்ஸ்போர்ட்ல இங்க வந்து சேந்தவங்க. 1938 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1939 செப்டம்பர்ல போர் மூளற வரைக்கும் சுமார் 10,000 பிள்ளைங்களை, பெரும்பாலும் யூதப் பிள்ளைங்க, ஜெர்மனி ஆஸ்திரியா செக் பக்கமிருந்தெல்லாம் ரயில்லயும் கப்பல்லயும் பிரிட்டனுக்குக் கூட்டிட்டு வந்தாங்க இல்ல, அதுதான். பெத்தவங்க கூட வர முடியாது. கையில ஒரு பெட்டி, கழுத்துல நம்பர் அட்டை. அதுல நிறைய பிள்ளைங்க அப்பா அம்மாவைக் கடைசியா பாத்ததே ஸ்டேஷன்லதான்.

அந்த அம்மா தவறினதுக்கு அப்புறம் அலமாரி மேல ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்துச்சு, ஆன்ட்டி அதை எடுத்துக்கிட்டு மாடிக்கு வந்து "உங்கிட்ட ஸ்கேனர் இருக்கா"ன்னு கேட்டாங்க. உள்ள அந்த நம்பர் அட்டை, யூதர்னு காட்ட சிவப்புல பெருசா ஜே எழுத்து குத்தின அடையாளச் சீட்டு, ஒரு ஸ்கூல் போட்டோ, ஒரு கட்டு லெட்டர், அப்புறம் தனியா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்த செஞ்சிலுவைச் சங்கத் தாள் ஏழு. ரப்பர் பேண்ட் உருகி மேல் தாள்ல ஒட்டியே போயிருந்துச்சு.

அந்த ஏழு தாளைப் பத்தித்தான் முக்கியமா சொல்லணும். போர் வந்ததும் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நேரடித் தபால் நின்னு போச்சு. செஞ்சிலுவைச் சங்கம் வழியா ஒரு ஃபார்ம்ல செய்தி அனுப்பலாம், 25 வார்த்தைதான், வீட்டு விஷயம் மட்டும்தான் எழுதலாம். அது ஜெனீவா போய், அங்க முத்திரை வாங்கி, பெர்லின் போகும். அந்தப் பக்கம் இருக்கறவங்க அதே தாளைத் திருப்பி பின்பக்கத்துல பதில் எழுதி அனுப்புவாங்க. ஒரு சுத்து வர்றதுக்கு மாசக்கணக்காகும். நான் என்ன பண்ணிட்டேன்னா முதல் நாள் அவசரத்துல ஏழையும் முன்பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு எடுத்து வச்சுட்டேன். பொண்ணு எழுதின கேள்வி எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, அப்பா எழுதின பதில் ஒண்ணு கூட இல்ல. அடுத்த வாரம் தாளை உறைக்குள்ள போடறப்பதான் கவனிச்சேன். இப்ப நெனச்சாலும் வயித்தைக் கலக்குது, ஏன்னா அன்னிக்கு ஆன்ட்டி "ஸ்கேன் ஆச்சுல்ல, ஒரிஜினல் எல்லாம் எதுக்கு"ன்னு சொல்லியிருந்தா அவ்ளோதான் கதை.

கடைசித் தாள் 1942ல வந்தது. நாங்க சுகம், ஊர் மாறப் போறோம், புது விலாசம் தெரிஞ்சதும் எழுதறோம்ங்கற மாதிரி ரெண்டு வரி, கீழ "அப்பா"ன்னு கையெழுத்து. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். இந்த அழிவுல கொன்னவங்க பக்கத்துப் பேப்பர் மலை மலையா மிஞ்சியிருக்கு. ஜெர்மனில பாட் ஆரோல்சன்ங்கற ஊர்ல இருக்கற ஆரோல்சன் ஆர்க்கைவ்ல மட்டும் சுமார் 3 கோடி ஆவணம், முகாம் பதிவு, ரயில் லிஸ்ட், கார்டுன்னு. சாகடிக்கப்பட்டவங்க பக்கத்துப் பேப்பர் எங்க இருக்கு? இந்த மாதிரி பிஸ்கட் டின்லயும் பரண்லயும்தான். ரெண்டும் ஒரு எடத்துல சேந்தாத்தான் முழு மனுஷன் தெரியறான், அதான் ஆர்க்கைவ் வேணும்னு சொல்றேன்.

எங்களுக்கே அப்படித்தான் நடந்துச்சு. பெர்லின்ல இருந்து யூதங்களைப் பிடிச்சுக் கிழக்கே நாடு கடத்தறதுக்கு முன்னாடி அவங்க கையாலயே 16 பக்கத்துக்கு ஒரு சொத்து ஃபார்ம் நிரப்ப வச்சாங்க, வீட்டுல எத்தனை நாற்காலி, எத்தனை பெட்ஷீட், எத்தனை ஸ்பூன்னு எல்லாம் எழுதணும், அப்பத்தான் அரசாங்கம் கணக்குப் பாத்து எடுத்துக்க முடியும். அந்த ஃபைல் எல்லாம் இப்ப போட்ஸ்டாம்ல பிராண்டன்பர்க் மாநில ஆர்க்கைவ்ல இருக்கு. ஆன்ட்டி எழுதிக் கேட்டாங்க, அவங்க தாத்தாவோட ஃபைல் காப்பி வந்துச்சு. அதே கையெழுத்துங்க. லெட்டர்ல எப்படி கடைசி எழுத்தைக் கீழ இழுத்து விடுவாரோ அதே இழுப்பு. ஆனா பேர் வேற. 1939 ஜனவரில இருந்து யூத ஆம்பளைங்க பேரோட "இஸ்ரேல்"னும் பொம்பளைங்க பேரோட "சாரா"ன்னும் சேத்துக்கணும்னு சட்டம், அதனால ஃபார்ம்ல நடுவுல "இஸ்ரேல்" இருக்கு. லெட்டர்ல "அப்பா", ஃபார்ம்ல "இஸ்ரேல்". ஆன்ட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இதே மாதிரி ஆஷ்விட்ஸ் மியூசியத்துல, அதாவது போலந்துல நாஜிங்களோட கொலை முகாம் இருந்த எடத்துல, நடந்தது ஒண்ணு இருக்கு. அங்க செருப்பும் ஷூவும் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல, அதுல சுமார் 8,000 குழந்தைங்களோடது. 2020ல சுத்தம் பண்ணிட்டு இருந்தப்ப ஒரு சின்ன ஷூவுக்குள்ள பேர் எழுதியிருந்ததைப் பாத்தாங்க, ஆமோஸ் ஸ்டெயின்பெர்க், ப்ராக்ல 1938ல பொறந்த பையன், ஆறு வயசுல அம்மாவோட அங்க கொண்டு வரப்பட்டவன். தேடிப் பாத்தா அவங்க அப்பாவோட சூட்கேஸும் அதே மியூசியத்துல ஏற்கனவே இருக்கு. ஷூ ஒருத்தர் வீட்டுல, சூட்கேஸ் ஒருத்தர் வீட்டுலன்னு இருந்திருந்தா இது நடந்திருக்குமா சொல்லுங்க. ஏலத்துல இந்தப் பொருளையெல்லாம் விக்கறாங்களே, எனக்கு அது சுத்தமாப் பிடிக்காததுக்குக் காரணம் காசு மட்டும் இல்ல, ஒரு குடும்பத்துக் கட்டைப் பிரிச்சு ஆளுக்கொண்ணா வித்துட்டா அப்புறம் எந்தக் காலத்துலயும் ஒண்ணு சேக்க முடியாது.

எதை வைக்கறது எதை வீசறதுன்னு நாமளா முடிவு பண்ணவும் கூடாது. போலந்துத் தலைநகர் வார்சாவுல நாஜிங்க யூதங்களை அடைச்சு வச்ச பகுதியான வார்சா கெட்டோல எமானுவேல் ரிங்கல்ப்ளூம்ங்கற வரலாற்று ஆசிரியர் 1940ல ஒரு ரகசியக் குழு சேத்தார், சனிக்கிழமை கூடுவாங்க. அவங்க டைரி, அறிக்கை மட்டுமா சேத்தாங்க? டிராம் டிக்கெட், ரேஷன் கார்டு, மிட்டாய் சுத்தின காகிதம் வரைக்கும். 1942 ஆகஸ்ட்ல முதல் பாகத்தைப் பத்து தகரப் பெட்டில போட்டு நோவோலிப்கி தெருல ஒரு ஸ்கூலுக்கு அடியில புதைச்சாங்க, அடுத்த வருஷம் ரெண்டாவது பாகத்தை ரெண்டு பால் கேன்ல. குழுல கிட்டத்தட்ட எல்லாரும் கொல்லப்பட்டாங்க, ரிங்கல்ப்ளூமும்தான். மிஞ்சின ஒருத்தருக்கு எடம் தெரிஞ்சிருந்ததால 1946ல தகரப் பெட்டிங்களை எடுத்தாங்க, பெட்டிக்குள்ள தண்ணி புகுந்து நிறைய தாள் ஊறிப் போயிருந்துச்சு. பால் கேன் கிடைச்சது 1950ல. மூணாவது பாகம் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. கிடைச்சது மட்டும் சுமார் 35,000 பக்கம், வார்சாவுல யூத வரலாற்று நிறுவனத்துல இருக்கு. உயிர் போகும்னு தெரிஞ்சவங்க மிட்டாய்க் காகிதத்தை எடுத்து வச்சிருக்காங்க, நாம "இது வெறும் பில்லு"ன்னு குப்பைல போடலாமா?

வீட்டுல வச்சா என்ன ஆகும்னா, பரண்ல வெயில் காலத்துல சூடு, குளிர் காலத்துல ஈரம், தாள் முறுகிப் பொடியாகும். ஜெம் கிளிப் துருப்பிடிச்சு தாளைத் தின்னும். செலோடேப் பசை மஞ்சளாகி எழுத்தோட ஊறிடும். எல்லாத்தையும் விட மோசம் லேமினேஷன். ஆன்ட்டி வீட்டுல யாரோ பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு லெட்டரை "பத்திரமா இருக்கட்டும்"னு கடைல குடுத்து லேமினேட் பண்ணிட்டாங்க. ஆர்க்கைவ் அம்மா அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு, இதைப் பிரிச்சா தாளும் கூடவே வரும், இனிமே இப்படியே விட வேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க. நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க, ஆனா போச்சு.

குடுக்கறதுன்னு முடிவு பண்ணா முழுசா தானமா குடுக்கறதா, உரிமை நம்மகிட்ட வச்சுக்கிட்டு பாதுகாக்க மட்டும் குடுக்கறதான்னு பேசி எழுத்துல வாங்கிக்கோங்க. ஸ்கேன் காப்பி நமக்கும் தருவாங்களான்னு கேளுங்க, எங்களுக்குத் தந்தாங்க. யார் பாக்கலாம், எப்ப இருந்து பாக்கலாம்னு நிபந்தனை வைக்கலாமான்னும் கேளுங்க. நீங்களா வரிசையை மாத்தாதீங்க, எந்த லெட்டர் எதோட இருந்துச்சுங்கறதே ஒரு தகவல். பேனாவால எதுவும் எழுதாதீங்க, பென்சில் மட்டும், அதுவும் பின்பக்க ஓரத்துல. படிக்க முடியலையேன்னு தூக்கிப் போடாதீங்க, அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்து இன்னிக்கு நிறைய ஜெர்மன்காரங்களுக்கே புரியாது, படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு ஆர்க்கைவ்ல கேட்டுப் பாருங்க. ஜெருசலேம்ல யாத் வஷெம், வாஷிங்டன்ல ஹோலோகாஸ்ட் மெமோரியல் மியூசியம், லண்டன்ல வீனர் ஹோலோகாஸ்ட் லைப்ரரின்னு குடும்பப் பேப்பர் வாங்கிப் பாதுகாக்கற எடம் பல நாட்டுல இருக்கு.

இன்னொண்ணு, இதைத் தள்ளிப் போடாதீங்க. போட்டோல யார் யார்னு வீட்டுப் பெரியவங்க உயிரோட இருக்கறப்பவே கேட்டு எழுதிடுங்க. அந்த ஸ்கூல் போட்டோல பதினோரு பொண்ணுங்க, எல்லாருக்கும் ரெட்டைச் சடை. ஆன்ட்டிக்கு அவங்க அம்மா எப்பவோ சொன்னதுல மூணு பேர் ஞாபகம் இருந்துச்சு, அந்த மூணை நான்தான் பென்சில்ல பின்னாடி எழுதினேன். ஒரு பேருக்கு எழுத்து சரியான்னு அவங்களுக்கே சந்தேகம், பக்கத்துல கேள்விக்குறி போட்டோம். மீதி எட்டு பேருக்கு இடப்பக்கமிருந்து எத்தனாவதுன்னு மட்டும் குறிச்சு வச்சிருக்கு.