ஒரே அறைதான் வீடு. அது நாள் முழுக்க எப்படிப் பயன்படுகிறது என்பதைப் புகைப்படத்தில் எப்படிக் காட்டுவது?

சென்னை காசிமேடு மீனவர் பகுதியில் எங்கள் ஆயா வீடு 10க்கு 12 அடி. ஐந்து பேர். போன மார்ச்சில் மூன்று வாரம் அங்கே படம் எடுத்தேன்.

முதலில் ஃபோனில் 0.5 (அதிக அகலம் காட்டும் லென்ஸ்) வைத்து மூலையிலிருந்து எடுத்தேன். அறை கல்யாண மண்டபம் போல விரிந்தது, ஓரத்துக் குடம் கோணலாக இழுபட்டது. ஆயா பார்த்துவிட்டு, "யாரு வூடுடா இது?" என்றார். அதோடு 0.5-ஐ விட்டுவிட்டேன். அறை முழுவதும் படத்தில் அடங்காவிட்டால் பரவாயில்லை. அடங்காததுதான் அந்த வீட்டின் அளவு.

அப்புறம் சுவரோரம் ஓர் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, எப்போதும் அங்கிருந்தே எடுத்தேன், பாயில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில். அந்த வீட்டில் எல்லாம் தரையில்தான் நடக்கிறது. நின்றபடி எடுத்தால் எல்லோருடைய உச்சந்தலையும்தான் விழும்.

அறையை விட ஒரு பொருளைப் பின்தொடருங்கள். எனக்கு அது அத்தையின் தையல் மெஷின் பலகை. பகலில் ரவிக்கைத் துணி, மாலையில் தங்கச்சியின் கணக்கு நோட்டு, ராத்திரி சோற்றுக் குண்டான், அது போனதும் சார்ஜில் நாலு ஃபோன். இந்த நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே வேண்டாம்.

டியூப்லைட்டில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும்; ஷட்டர் அதோடு ஒத்துப்போனால் பட்டை விழாது.

ஒரு நாளோடு நிறுத்தாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது மறுபடி போனேன். மாமா பகலிலும் வீட்டில் இருந்தார். தையல் மெஷின் வாசலுக்கு வெளியே நகர்ந்திருந்தது. கதவைத் திறந்து வைத்தே எடுங்கள், பாதி வீடு அங்கேதான் இருக்கிறது.

எடுக்கும் முன் கண்டிப்பாகக் கேளுங்கள். ஒரே அறையில் ஒதுங்க மூலை கிடையாது. யாராவது உடை மாற்றப் போனால் நாம்தான் வெளியே போக வேண்டும். எடுத்ததை அன்றைக்கே காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள்.

ஆயா மூன்று மணிக்கே மீன் ஏலத்துக்குக் கிளம்புவார். பிள்ளைகள் விழித்துவிடுவார்கள் என்று லைட் போடமாட்டார். அவர் கதவைத் திறந்தபோது உள்ளே விழுந்த தெருவிளக்கு வெளிச்சத்தில், தூங்குகிற நாலு பேரையும் ஒரு படம் எடுத்தேன். அதை மட்டும் பிரிண்ட் போட்டுக் கேட்டார். பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்.