கார்டு யாருக்கு வாங்குகிறீர்கள்?

கேள்வி: மகன் பி.காம். முதல் வருஷம் சேர்ந்திருக்கிறான். படிப்புக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், அதில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும் என்கிறான். ஐ5-12400எஃப் பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ராம், 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) போட்டு, கடையில் மூன்று கொட்டேஷன் தந்தார்கள்: கார்டு இல்லாமல், ஜிடி 730 4 ஜிபி கார்டுடன், ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கார்டுடன். கடைசியது 30 ஆயிரம் கூடுதல். எதை எடுப்பது? அவன் ரூமில்தான் வைக்கப்போகிறோம். மகளுக்குத் தேவைப்படாது, விஸ்காம் கடைசி வருஷம், எடிட்டிங் வேலையைத் தோழி வீட்டில் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள்.
- ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை

பதில்: "மகளுக்குத் தேவைப்படாது" என்று எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? உங்கள் வீட்டில் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும் படிப்பைப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். டேலிக்கும் எக்செலுக்கும் கார்டு வேண்டாம். மகன் கேட்பது விளையாட. விளையாடுவது தப்பில்லை. ஆனால் அவன் 'படிப்பு' என்றதும் 30 ஆயிரத்துக்கு விசாரிக்கக் கிளம்பிய நீங்கள், படிப்பு வேலைக்கே மகள் இன்னொரு வீட்டு மெஷினுக்குப் போய்வருவதை ஒரு ஏற்பாடு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளைக்குத்தான் பெற்றவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

இனி கொட்டேஷன். முதலாவதை எடுத்தால் மானிட்டரில் படமே வராது. 12400எஃப் என்பதில் கடைசியில் இருக்கும் 'எஃப்' அதைத்தான் சொல்கிறது: உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இரண்டாவதைத் தொடவே வேண்டாம். ஜிடி 730 வந்தது 2014இல். அந்தத் தலைமுறைக்குப் புதிய டிரைவர் (கார்டை இயக்கும் சாப்ட்வேர்) தருவதை, சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது. 4 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய டிடிஆர்3 மெமரி. செல்போன் எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதியும் வீடியோவை விரித்துக் காட்டும் வசதிகூட அதில் இல்லை.

எஃப் இல்லாத 12400 கேளுங்கள். அதிலேயே யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. மகனின் படிப்புக்கு அது தாராளம். மகளுக்கும் அதில் ஒரு லாபம் உண்டு. இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்.265இல், அதாவது நிற விவரம் கூடுதலாக உள்ள வகையில், பதிவு செய்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4060ஆல் அதை ஹார்டுவேரில் விரிக்க முடியாது, இன்டெலின் உள் கிராபிக்ஸால் முடியும். கார்டு போட்ட பிறகும் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) உள் கிராபிக்ஸை அணைக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

அதோடு 4060ஐயும் எடுங்கள், அவளுக்காக. கலர் கிரேடிங் (நிறம் சரிசெய்வது), நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் உள்ள புள்ளிகளைக் குறைப்பது), எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவை எடுப்பது) எல்லாம் அதன் மேல்தான் ஓடும். 1080பியில் 8 ஜிபி போதும். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாப்ட்வேர் 'ஜிபியு (கார்டு) மெமரி நிரம்பிவிட்டது' என்று நின்றுவிடலாம். அவள் 4கேயில் வேலை செய்கிறவள் என்றால், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி விலையையும் விசாரியுங்கள். 3060இலேயே 8 ஜிபி ஒன்று உண்டு, அது வேகம் குறைந்தது. பில்லில் 12 என்று எழுதி வாங்குங்கள்.

எனக்குப் பெரிய கவலை, நீங்கள் பிராண்டு பெயர் எழுதாத அந்த எஸ்எம்பிஎஸ். 4060 இழுப்பது 115 வாட்தான், பிராசஸர் உச்சத்தில் 117. எண்ணைப் பார்த்தால் 500 தாராளம். ஆனால் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் படியுங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 18 × 12 = 216 வாட்; பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைப்பது அவ்வளவுதான். எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது மெஷின் பட்டென்று அணையும், கடைக்காரர் விண்டோஸ் மேல் பழி போடுவார். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்திறன் தரச் சான்று), கார்டுக்கென்று தனி 8 பின் வயர் உள்ளது வேண்டும். வயர் இல்லை, மோலெக்ஸ் (பழைய 4 பின் வயர்) கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்றால் கடையை மாற்றுங்கள்.

ராம் ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8 + 8 ஆக இரண்டு ஸ்டிக். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். மானிட்டர் வயரைக் கார்டில் செருகுங்கள். போர்டில் செருகிவிட்டு 'கேம் ஓடவில்லை' என்று சண்டைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

மெஷினை ஹாலில் வையுங்கள். மகன் ரூமுக்குள் போய்விட்டால் இரவில் தம்பி கதவைத் தட்டி அவள் கேட்டு நிற்க வேண்டும். விண்டோஸில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு; அவள் வேலை இருக்கும் நாளில் முதல் உரிமை அவளுக்கு. மீதி நேரம் அவன் விளையாடட்டும், அந்தக் கார்டு அதற்கும் நன்றாகவே ஓடும்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கு அவள் வந்ததும் கொட்டேஷனை அவள் கையில் கொடுங்கள். எடிட்டிங் சாப்ட்வேர் பிரீமியரா, டாவின்சியா, எந்தக் கேமரா, 4கேயா என்று கேட்டு அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.