வாசகர் கேள்வி – பதில்: மனோரஞ்சிதம்

நர்சரியில் மனோரஞ்சிதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கன்று மரம் போல நெட்டுக்குத்தாக வளர்கிறது. பக்கத்து வீட்டில் இருப்பதோ கொடி. எது அசல்?
– வாசகி, கும்பகோணம்

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இலாங்-இலாங் என்கிற கனங்கா மரம். நர்சரிகளில் அதையும் மனோரஞ்சிதம் என்றே விற்கிறார்கள். இரண்டும் சீத்தாப்பழக் குடும்பம், இரண்டுக்கும் ஆறு இதழ். ஆகவே இதழை எண்ணிப் பயனில்லை. இதழின் வடிவத்தைப் பாருங்கள். கனங்காவின் இதழ் மெலிந்து நீண்டு, முறுக்கிக்கொண்டு தொங்கும். அசல் மனோரஞ்சிதம் கொடிதான் (தாவரப் பெயர் ஆர்டபோட்ரிஸ் ஹெக்ஸாபெட்டலஸ்); அதன் இதழோ தடித்துச் சதைப்பற்றாக இருக்கும்.

பூக்காத கன்றில் அடையாளம் காண எளிய வழி கொக்கி. இளங்கிளையில் இலைக்கு எதிர்ப்பக்கம், வளைந்த பச்சைக் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது முள்ளும் அல்ல, பற்றுச்சுருளும் அல்ல. பூக்காம்பே அப்படி வளைந்திருக்கிறது. ஒரு குச்சியைப் பிடித்துவிட்டால் பருத்து, மரமாக இறுகிவிடும்; பிறகு கையால் பிரிக்க முடியாது. மொட்டு வருவதும் அந்த வளைவிலிருந்துதான். ஏறுவதற்கும் பூப்பதற்கும் ஒரே உறுப்பு! கனங்காவில் இந்தக் கொக்கி கிடையாது. வாங்கும்போதே கிளையைத் தூக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

கொடி பத்தடி உயரம் வந்துவிட்டது. சுவரை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். வருடா வருடம் கவாத்தும் செய்கிறேன். பூ இல்லை.
– வாசகர், திண்டுக்கல்

சுவரில் இது தானாக ஏறாது. ஒட்டிக்கொள்ளும் வேர் இதற்கு இல்லை. கொக்கியின் வளைவு சிறியது, பருத்த குழாயையும் அதனால் பிடிக்க முடியாது. சுண்டுவிரல் பருமனுக்கு மேற்படாத கம்பி அல்லது மூங்கில் குச்சியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கட்டுங்கள்.

பூ வராததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் கத்தரியைத்தான். நுனிக்கிளைகளை ஒட்ட வெட்டும்போது கொக்கிகளும், அவற்றோடு பூக்கும் இடங்களும் போய்விடுகின்றன. காய்ந்ததையும் உள்ளே பின்னிக்கொண்டதையும் மட்டும் அடியோடு எடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். அடுத்தது வெயில். நிழலிலும் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் பூ குறையும். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். யூரியாவை நிறுத்திவிட்டு மட்கிய தொழுவுரம் வையுங்கள். விதைக் கன்றாக இருந்தால் இத்தனை செய்தும் சில ஆண்டுகள் பொறுக்கத்தான் வேண்டும்.

பூவை மோந்தால் வாசனையே இல்லை. நினைத்த பழத்தின் வாசனை வரும் என்கிறார்களே?
– வாசகி, நாகர்கோவில்

பச்சையாக இருக்கும்போது பறித்திருப்பீர்கள். இலையின் நிறத்திலேயே இருப்பதால், விரிந்த பூவைக்கூடப் பலர் மொட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். இதழ் மஞ்சளுக்குத் திரும்பும்போதுதான் மணம் எழும். மஞ்சள் படரத் தொடங்கிய பூவைப் பறித்துக் கிண்ணத் தண்ணீரில் போட்டுவையுங்கள், அறை முழுக்கக் கமழும்.

வாசனைக்குக் காரணம் எஸ்டர்கள் என்னும் எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள். வாழை, ஆப்பிள், அன்னாசி மணப்பதும் அந்த வகைப் பொருள்களால்தான். பல பழங்களின் சாயல் கலந்திருப்பதால், மனதில் நினைத்த பழத்தை மூக்கு பிடித்துக்கொள்கிறது. நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

பூவைப் பிரித்தால் இன்னொன்றும் தெரியும். உள்வரிசை மூன்று இதழ்களின் அடிப்பகுதி குழிந்து, ஒன்றோடொன்று கூடி, மகரந்தத்தையும் சூலகத்தையும் சின்ன அறையாக மூடியிருக்கும். இடுக்கு வழியே நுழையும் சிறு வண்டுகள்தாம் மகரந்தம் சேர்க்கின்றன. தேனீ வராததைக் கண்டு கவலைப்பட வேண்டாம்.

பாம்பு வருமா?
– வாசகர், சேலம்

மணத்துக்காக வராது. அடர்ந்த புதரில் எலி தங்கினால் அதைத் தேடி வரலாம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கிளைகளை நீக்கி, சருகைக் கூட்டிவிடுங்கள்.

கன்று எடுப்பது எப்படி?
– வாசகர், தென்காசி

வெறும் குச்சி நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும்; கிளையைச் செடியிலேயே வைத்து வேர்விடச் செய்யும் விண்பதியமே நம்பகமானது. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, அடியிலுள்ள வழவழப்பைச் சுரண்டிவிடுங்கள். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும், வேர் வராது. ஈரப்பாசி வைத்து பாலிதீனால் இறுக்கிக் கட்டுங்கள். வேர் இறங்க இரண்டு மூன்று மாதமாகும். பாலிதீன் வழியே வேர் பழுப்பாகத் தெரிந்த பிறகே வெட்டுங்கள். வெள்ளை வேரோடு அவசரப்பட்டு எடுத்தால் தொட்டியில் பிழைப்பது கடினம்.

விதை போடுவதானால், கொத்தில் மஞ்சளாகப் பழுத்த கனியிலிருந்து எடுத்துச் சதையைக் கழுவி, காயவிடாமல் உடனே ஊன்றுங்கள். முளை மெதுவாகத்தான் வரும், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.