ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் ஒளிச்சேர்க்கையில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள், அதில் பிழைப்பு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். ஆனால் நிலையான சம்பளம் தாமதமாகத்தான் வரும். அதுவரை வீடு பொறுக்குமா என்பதை முதலில் பேசிவிடுங்கள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிய ஆண்ட்ரூ பென்சன் என்ற விஞ்ஞானியைப் பற்றி அவளைப் படிக்கச் சொல்லுங்கள். 1946-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், வேதியியலாளர் மெல்வின் கால்வினின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். செடி கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குகிறது என்பது அப்போதே தெரியும்; நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் புதிர். தட்டையான வட்டக் கண்ணாடிக் குடுவையில் குளோரெல்லா பாசியை ஊற்றி, இருபுறமும் விளக்கு வைத்து, கதிரியக்கக் கார்பன்-14 கலந்த பைகார்பனேட்டை உள்ளே செலுத்துவார்கள். சில விநாடிதான். அடியிலுள்ள குழாயைத் திறந்தால் பாசி சூடான ஆல்கஹாலில் விழும். வேதிவினை அந்த நொடியே நின்றுவிடும். அப்புறம் சாற்றைத் தாளில் பரவவிட்டுப் பிரித்து, மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துவிட்டு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைப்பது, கதிரியக்கக் கார்பன் போய்ச் சேர்ந்த பொருள்களைக் காட்டும் சில கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று தனித்தனியே நிரூபிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகும் முழுச் சுழற்சியும் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின.

1961-இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பென்சன் 1954-லேயே அங்கிருந்து விலகியிருந்தார். இதையும் மகளிடம் மறைக்காதீர்கள். உழைத்த அத்தனை பேருக்கும் பெயர் கிடைக்கும் துறை அல்ல இது.

செய்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி விநாடிக்கு மூன்று மூலக்கூறு அளவில்தான் வேலை செய்கிறது. வெயில் ஏறினால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனை அதிகம் பிடித்துக்கொள்கிறது. கரும்பும் சோளமும் இதைச் சமாளிக்க வழி வைத்திருக்கின்றன, நெல்லுக்கு அது இல்லை. அந்த வழியை நெல்லுக்குக் கொண்டுவர ஆராய்ச்சி நடக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். செடி பிடிக்கும் என்பது மட்டும் போதாது. வேதியியலும் இயற்பியலும் பிடிக்க வேண்டும். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்பு நல்ல வழி. இல்லையென்றால் பி.எஸ்சி. முடித்து, ஜாம் என்ற நுழைவுத் தேர்வெழுதி எம்.எஸ்சி. சேரலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டு, அதன்பின் வெளியூரிலோ வெளிநாட்டிலோ சில ஆண்டு. நிரந்தர வேலைக்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும். நடுவில் கல்யாணப் பேச்சு எடுத்து அவளை அவசரப்படுத்தாதீர்கள். நன்றாகப் படித்த பெண்கள் பாதியில் நிற்பதை நான் அங்கேதான் அதிகம் பார்க்கிறேன்.

கவர்ச்சியான பெயருள்ள தனியார் படிப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். எந்தக் கல்லூரியானாலும் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். கருவிகளை மாணவர்களே கையாள விடுகிறார்களா, இல்லை தூரத்திலிருந்து காட்டுவதோடு சரியா என்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டுவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.